திங்கட்கிழமை நீச்சல்

போன கோடையில் ஏரியில் மூழ்கி இறந்துபோன ஏழு வயது மார்லிஸுக்குத் தலை பின்னிவிட்டுவந்தது வெர்லின்தான். அன்று கரையில் நின்ற பெரியவர்கள் ஒருவருக்கும் நீச்சல் தெரியவில்லை. அந்தக் காலத்தில் அவர்களுடைய தாய்மார்களைக் கறுப்பினத்தவர் என்று சொல்லி நீச்சல்குளத்துக்குள் விட்டதே இல்லை. தண்ணீர்ப் பயம் மட்டும் பிள்ளைகள்வரை வந்து சேர்ந்திருந்தது.

ஐம்பதைத் தாண்டிய வெர்லின், குளிர்காலம் முழுக்க நீச்சல் பழகினாள். கோடை பிறந்ததும் திங்கட்கிழமைகளில் தன் தலைபின்னும் கடையைப் பூட்டிவிட்டு, வாடிக்கைப் பெண்களையும் அவர்கள் பிள்ளைகளையும் நீச்சல்குளத்துக்கு அழைத்துப்போனாள். ஒருத்தியும் தண்ணீரில் இறங்கவில்லை.

"நாள் பூரா உட்கார்ந்து பின்னின தலை, நனைஞ்சா போச்சு" என்றாள் ஒருத்தி.

தலை மட்டும் காரணமில்லை என்று வெர்லினுக்குத் தெரியும். "நனையட்டும். எல்லாருக்கும் நானே திரும்பப் பின்னிவிடுறேன்" என்று சொல்லி, தானே முழுகி எழுந்தாள்.

வாசலருகே தனியாக நின்றிருந்த மார்லிஸின் அம்மா ஒடெட்டா, செருப்பைக் கழற்றிவிட்டுப் படியிறங்கி வந்தாள். தண்ணீர் இடுப்பைத் தொட்டதும் நின்றுவிட்டாள். வெர்லின் கை நீட்டினாள்.

"பயப்படாதே. முதல்ல மிதக்கச் சொல்லித் தர்றேன்."

"சரி" என்றாள் ஒடெட்டா. "அப்புறம், அடியில் கிடக்கிற பிள்ளையை மேலே தூக்கிட்டு வர்றது எப்படின்னு சொல்லிக் கொடு."

படியில் நின்ற பெண்கள் ஒவ்வொருவராக இறங்கத் தொடங்கினார்கள்.