கடைசியாக ஒட்டிய நம்பர்

டீக்கடைக்குப் பின்னால் தார்ப்பாய் மூடி நின்ற வண்டியைச் சுற்றிக்கொண்டு வந்த சிவசங்கரி, தன் காரைக் கல்லுமேடு ஜீப் ஸ்டாண்டின் ஆயுத பூஜை வரிசையில் கடைசியாக நிறுத்தினாள். பளபளவென்று சிவப்புக் கார்.

டிரைவர்கள் மொத்தப் பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிக்காமல் என்ன செய்வார்கள்? கார் ஒரு சாண் நீளம்தான் இருந்தது!

ஸ்டாண்டு செக்ரட்டரி வேல்முருகனுக்கு மட்டும் சிரிப்போடு கொஞ்சம் சுருக்கென்றது. எல்லாம் அவர் வாய் செய்த வேலை. எஸ்டேட் பிக்கப்பை ஏலப்பாறைக்கும் மலைக்குமாக ஓட்டிக்கொண்டிருந்த இந்தப் பெண், ஸ்டாண்டில் தனக்கும் ஓர் இடம் கேட்டு நடையாய் நடந்தாள்.

"இந்த வளைவுல பொம்பளைய நம்பி எந்த டூரிஸ்ட்டு ஏறுவான்? வீட்டுல ஒக்காந்து பொம்மைக் கார் ஓட்டு, போ தாயி" என்று எல்லார் முன்னாலும் சொல்லி விரட்டியவர் அவர்தான். சொன்னபடியே கொண்டுவந்து நிறுத்திவிட்டாள், மகராசி!

"என்னம்மா இது, வீம்பா?"

"வீம்புதான் அண்ணாச்சி. மழைக்காலம் பூரா ஒக்காந்து நானே செஞ்ச ரேஸ் காரு. இதுக்கும் பூஜை போடணும்."

"கடையில வாங்குன பொம்மைக்கு எதுக்குத் தங்கச்சி பூஜை?" என்றான் டிரைவர் மொக்கையன்.

"வாங்கும்போது டப்பாவுல வெறும் பிளாஸ்டிக் துண்டுதான் இருந்துச்சுண்ணே. ஒண்ணொண்ணா நறுக்கி, உப்புத்தாள் போட்டுத் தேச்சு, ஒட்டி, பெயிண்ட் அடிச்சது இந்தக் கை. மழை ஈரத்துல பெயிண்டு வெளுத்து வெளுத்துப் போச்சு. விட்டேனா? சொரண்டிட்டுத் திரும்பத் திரும்ப அடிச்சேன். அந்த ஸ்டியரிங்கைத் திருப்பித்தான் பாருங்களேன்."

மொக்கையன் நகத்தால் திருப்பினான். முன்சக்கரம் ரெண்டும் சொன்ன பேச்சைக் கேட்டுத் திரும்பின. "யாத்தே!" என்று வாயைப் பிளந்தான்.

அதற்கு மேல் வேல்முருகனால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. என்ன இருந்தாலும் அவரும் டிரைவர்தானே? வேட்டியை மடித்துக் கட்டிக் குத்தவைத்து உட்கார்ந்து பானெட்டைத் திறந்தார். உள்ளே குட்டி இன்ஜின், அதில் தலைமுடி கனத்துக்கு ஒயர்கள்.

"இதெல்லாம் அந்த டப்பாவுலயே வருமா?"

"வராது. பழைய இயர்போனைப் பிரிச்சு நான் மாட்டுனது."

கதவில் மட்டும் ஒரு வெள்ளை வட்டம் வெறுமனே கிடந்தது. "எல்லாம் சரி, ரேஸ் காருக்கு நம்பர் எங்க?"

"ஒட்டல. ஸ்டாண்டுல நிக்கிற வண்டிக்கு நம்பர் குடுக்கிறது செக்ரட்டரிதானே?"

வேல்முருகனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அந்த ஸ்டாண்டில் அது பெரிய கௌரவம். சூடம் காட்டியதும் செக்ரட்டரி ஆள் பேரைச் சொல்லி நம்பரைக் கூப்பிடுவார். பூசணிக்காய் உடைந்துவிட்டால் அடுத்த பூஜை வரை அந்த நம்பரை யாரும் அசைக்க முடியாது. மொக்கையன் நடுவில் ஜீப்பை விற்று வேறு ஜீப் வாங்கியபோதுகூட ஏழாம் நம்பர் அவனோடுதான் இருந்தது.

"வெளையாட்டுக்குக் குடுத்துட்டு நாளைக்குப் புடுங்கிக்கிட மாட்டீங்களே?" என்றாள் சிவசங்கரி.

"சாமி முன்னால நான் சொன்ன நம்பரை இதுவரைக்கும் எவன்கிட்டயாச்சும் புடுங்கியிருக்கேனா? கேட்டுப்பாரு!"

"அதெல்லாம் கிடையாது" என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

பூசாரி சின்னையன் வரிசையாகச் சூடம் காட்டிக்கொண்டே வந்தார். கடைசி வண்டிக்கு எலுமிச்சம்பழம் டயரைவிடப் பெரிதாக இருந்தது. டிரைவர் பிஜு சட்டைப்பையில் கிடந்த ஏலக்காய்களை எடுத்து டயருக்கு ஒன்றாக வைத்தான். ஒரே கும்மாளம்.

வேல்முருகன் தொண்டையைச் செருமிக்கொண்டு மைக்கைப் பிடித்தார். "பதினேழாம் நம்பர், சிவசங்கரி!"

விசில் பறந்தது. பூசணிக்காய் நடுரோட்டில் சிதறியது.

சிவசங்கரி யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. டப்பாவோடு வந்த நம்பர் ஸ்டிக்கர்களில் ஒன்று, ஏழு இரண்டையும் பாட்டில் மூடித் தண்ணீரில் நனைத்து, முள்வாங்கியால் எடுத்து வெள்ளை வட்டத்தில் ஒட்டி, முந்தானையால் ஒற்றினாள். பிறகு ஒற்றை விரலால் காரைத் தள்ளி ஏலக்காயை நசுக்கினாள்.

"இப்ப சந்தோஷமா?" என்றார் வேல்முருகன்.

"ரொம்ப சந்தோஷம் அண்ணாச்சி" என்று காரைக் கையில் எடுத்துக்கொண்டு டீக்கடைப் பக்கம் போனாள்.

பாவம், ஒரு பொம்மைக்குப் போய் இத்தனை சந்தோஷமா என்று வேல்முருகனுக்கு இளகிவிட்டது. நாமும் அன்றைக்கு அப்படிப் பேசியிருக்க வேண்டாம் என்று நினைத்தபடி, வரிசையின் கடைசியில் நின்று பொரியை அள்ளி வாயில் போட்டார்.

பின்னாலிருந்து ஹார்ன் அலறியது. பொரி புரையேற அவர் திரும்பினார்.

தார்ப்பாய் தரையில் கிடந்தது. அதே சிவப்பில் ஒரு ஜீப் அவர் முழங்காலை இடிக்காத குறையாக வந்து நின்றது. முன்கண்ணாடிக்குப் பின்னால் அந்தக் குட்டிக் கார். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சிவசங்கரி தலையை வெளியே நீட்டினாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க அண்ணாச்சி. பதினேழாம் நம்பரு நிக்கிற எடம் அது!"