வலை விட்ட விரால்

காசாம்புவின் கண்ணெதிரே கணினி பொருத்திய வலை தானாகத் திறந்து, கொழுத்த விராலை வீராணம் ஏரிக்குள் விட்டுவிட்டது. விரால் சினையாக இருந்தது.

"மதியம் சம்பந்தி வர்றாங்க. எதைக் கொழம்பு வைப்ப?" என்றான் கணவன் தில்லைக்கண்ணு. "சினை பாக்க வலைக்குச் சொல்லிக் கொடுத்தவளே நீதான?"

"நான் மட்டுமா? ஆராய்ச்சிக்காரங்களும் மழைக்காலம் பூரா எங்கூடச் சேத்துல நின்னாங்கல்ல."

இலையில் கத்தரிக்காய்க் குழம்பைப் பார்த்த மேட்டூர்ச் சம்பந்தியம்மா கேட்டாள்: "ஏரிக்கரையில மீனில்லையா?"

காசாம்புவின் முகம் சுருங்கியது. "சினைன்னு வலை விட்டுடுச்சு, சம்பந்தி."

"எங்க அணையிலயும் அப்படித்தான். அதுக்கப்புறந்தான் மீனே பெருகுச்சு. யாரோ வீராணத்துப் பொம்பள மீன் வயித்தத் தடவிக் காட்ட, வலை படிச்சுக்கிச்சாம்."

காசாம்பு கரண்டி பிடித்த கையை நீட்டினாள்.

"இந்தக் கைதான், சம்பந்தி. இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?"