மேடையில் உட்கார்ந்தவள்

அவள் குத்துச்சண்டை மேடையின் நடுவில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

செருப்பைப் படியிலேயே விட்டிருந்தாள். கயிறுகளுக்கு இடையே குனிந்து ஏறியதில் புடவை ஓரம் கிழிந்திருந்தது.

சிவப்பு மூலையில் ரோஸ்லின். நீல மூலையில் மோனிஷா. இருவரும் கையுறை மாட்டி, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள்.

நடுவர் மணிக்காரரைப் பார்த்தார். மணிக்காரர் சுத்தியலைக் கீழே வைத்தார்.

காலை பத்தரை. தகரக் கூரைக்குக் கீழே எண்ணூறு பேர். விசில் பறந்தது.

"யார்ரா அது, ரிங்குல?"

"டில்லிபாபுவோட அம்மா. நவமணி."

விசில் கொஞ்சம் அடங்கியது.

மூன்று வருடங்களுக்கு முன் இதே மைதானத்தில், மூன்றாவது சுற்றில், அவள் மகன் டில்லிபாபு விழுந்தான். எழவில்லை. ஆம்புலன்ஸ் கிடையாது. மீன் ஏற்றும் வண்டியில் கொண்டுபோனார்கள். ரயில்வே கேட் சாத்தியிருந்தது.

கேட் திறக்கும்வரை அவன் காத்திருக்கவில்லை.

அதன் பிறகு அந்தப் பகுதியில் இருந்த ஏழு பயிற்சிக் கூடங்களில் ஐந்து மூடின. தாய்மார்கள் பிள்ளைகளை அனுப்பவில்லை.

நவமணி மட்டும் குத்துச்சண்டைச் சங்க அலுவலகத்துக்குப் போய்க்கொண்டே இருந்தாள். பதினோரு மாதம். கடைசியில் விதிப் புத்தகத்தில் ஒரு வரி சேர்த்தார்கள். டாக்டரும் ஆம்புலன்சும் மைதானத்தில் இல்லாமல் மணி அடிக்கக் கூடாது.

அந்த வரியை நம்பித்தான் பிள்ளைகள் திரும்ப வந்தார்கள். இந்த முறை பெண் பிள்ளைகளும்.

இன்று டாக்டர் வந்திருந்தார். சிறப்பு விருந்தினர் வந்திருந்தார்.

ஆம்புலன்ஸ் வரவில்லை.

சங்கச் செயலாளர் ஏகாம்பரம் மேடையேறி அவள் எதிரே குந்தினார்.

"யம்மா, வண்டி வந்துன்னேகீதாம். அதுக்குள்ள ஒரு ஆட்டத்த முடிச்சிக்கலாம். எழுந்துரு. பாக்ஸிங்கே வேணாங்கிறியா நீ?"

"அத்த நான் எப்ப சொன்னேன்? என் புள்ள உசுரா ஆடுன ஆட்டம்." அவள் குரல் உயரவில்லை. "வண்டி வரட்டும். நானே எறங்குறேன்."

சிறப்பு விருந்தினர் கடிகாரத்தைப் பார்த்தார்.

ஏகாம்பரம் இரண்டு பெண் போலீசாரைக் கூப்பிட்டார். அவர்கள் ஏறிவந்து ஆளுக்கு ஒரு கையைப் பிடித்தார்கள். அவள் உடம்பைத் தளர்த்திக்கொண்டாள். தூக்க முடியவில்லை.

ரோஸ்லின் தன் பயிற்சியாளரிடம் இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"கழட்டு மாஸ்டர்."

வெறுங்கையோடு நடந்துவந்து நவமணியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மோனிஷா ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு கையுறையோடே வந்து மறுபக்கம் உட்கார்ந்தாள்.

கீழே தங்கள் முறைக்காகக் காத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள். பலகை கிறீச்சிட்டது. நடுவரும் ஓரமாக உட்கார்ந்தார்.

போலீசார் அவள் கைகளை விட்டுவிட்டார்கள்.

பதினொன்று ஐந்துக்கு ஆம்புலன்ஸ் வந்தது. விசிலடித்தவர்களே நாற்காலிகளை இழுத்து வழி விட்டார்கள். கோயில் தேருக்கு விலகுவதுபோல் விலகினார்கள்.

நவமணி எழுந்தாள். கால் மரத்திருந்தது. மோனிஷா தோள் கொடுத்தாள்.

இறங்கியவள் வீட்டுக்குப் போகவில்லை. முதல் வரிசையில் உட்கார்ந்தாள்.

மகன் ஆடிய ஒரு ஆட்டத்தைக்கூட அவள் பார்த்ததில்லை. அவ்வளவு பயம். ஜெயித்துவிட்டு வந்து அவன் சொல்வதைக் கேட்டதோடு சரி.

மணி அடித்தது.

ரோஸ்லின் இடது காலை முன்வைத்து மிதந்தாள். மோனிஷா தோளைத் தாழ்த்தி உள்ளே புகுந்தாள். அடி, விலகல், மறுபடி அடி.

அழகாக இருந்தது.

அதை நவமணி எதிர்பார்க்கவில்லை. தன்னையறியாமல் நாற்காலி நுனிக்கு வந்திருந்தாள்.

இரண்டாவது சுற்றில் மோனிஷாவின் வலது கை ரோஸ்லினின் நெற்றிப்பொட்டில் இறங்கியது. ரோஸ்லின் விழுந்தாள்.

விசிலடித்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

நடுவர் எண்ணினார். ஆறில் ரோஸ்லின் எழுந்துவிட்டாள். நடுவர் அவளைப் பிடித்து நிறுத்தி டாக்டரைக் கூப்பிட்டார். டாக்டர் கண்ணில் விளக்கடித்தார்.

"பேரு?"

"ரோஸ்லின்."

"இன்னிக்கு என்ன கிழமை?"

பதில் வரக் கொஞ்சம் நேரமாயிற்று.

டாக்டர் வேண்டாமென்று தலையை ஆட்டினார். நடுவர் ஆட்டத்தை நிறுத்தி மோனிஷாவின் கையைத் தூக்கினார்.

ரோஸ்லின் அழுதுகொண்டே, தன் காலாலேயே படியிறங்கினாள். ஸ்கேன் எடுக்க ஆம்புலன்சில் போகச் சொல்லியிருந்தார்கள். நவமணியின் முன்னால் நின்றாள். முகம் கோபத்தில் சிவந்திருந்தது.

"இன்னும் ஆடிருப்பேம்மா நானு."

"ஆடுவ." நவமணி அவள் கன்னத்து வேர்வையை முந்தானையால் துடைத்தாள். "அடுத்த மாசம் ஆடுவ. நான் வந்து பாப்பேன்."

ரோஸ்லின் ஏறிக்கொண்டாள். ஆம்புலன்ஸ் வாசலைத் தாண்டியது.

மேடையில் அடுத்த ஜோடி தயாராக நின்றது. மணிக்காரர் சுத்தியலை எடுத்தார்.

நவமணி எழுந்தாள். படியருகே போனாள். கயிற்றைப் பிடித்தாள்.

ஒலிபெருக்கி கரகரத்தது. ஏகாம்பரத்தின் குரல்.

"மணியத் தொடாதப்பா. இன்னொரு ஆம்புலன்சுக்குச் சொல்லிகீறேன். வந்தப்புறம் ஆடலாம்."

அவள் கூட்டத்தின் விசிலுக்காகக் காத்திருந்தாள்.

வரவில்லை.

கயிற்றைப் பிடித்தபடியே திரும்பிப் பார்த்தாள். எண்ணூறு பேரில் ஒருவரும் அவளைப் பார்க்கவில்லை.

எல்லோரும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.