எமன் போட்ட தலைப்பு

“எமன் சார், இதத்தான் மேல வைக்கணும். இத அடிச்சுக்க ஆளே இல்ல.”

பக்கம் வடிவமைக்கும் பெண் பழைய தாளைத் தட்டிக் காட்டிச் சிரித்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு வேலைக்குச் சேர்ந்தவள். என் பெயர் அவளுக்குத் தெரியாது. பட்டப்பெயர் தெரியும்.

‘முன்னாள் தலைமையாசிரியர் காலமானார்.’

படத்தில் இருந்தவர் என் அப்பா. இந்தச் செய்தி வெளிவந்த காலையில் அவர் வாசலில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

பத்திரிகைக்கு ஐம்பதாவது ஆண்டு. ஞாயிறு மலரில் ‘நம்மைச் சிரிக்க வைத்த தலைப்புகள்’ என்று ஒரு பக்கம் போடுகிறார்கள். பழைய துணை ஆசிரியர் என்று என்னைக் கூப்பிட்டு, நூலக அறையில் தூசியோடு தூசியாக உட்கார வைத்திருந்தார்கள்.

காலையிலிருந்து சிரிப்புக்குப் பஞ்சமில்லை. ‘இன்று மழைக்கு வாய்ப்பில்லை’ என்று போட்ட இதழின் கட்டுகள் வெள்ளத்தில் மிதந்து போயின. ‘நூறாண்டு தாங்கும்: பொறியாளர் உறுதி’ என்ற பாலம் நாற்பது நாள் தாங்கியது. நகருக்குள் சிறுத்தை என்று மூன்று நாள் ஊரையே வீட்டுக்குள் அடைத்து வைத்தோம். அது ஒரு பல் டாக்டர் வளர்த்த பூனை. கொஞ்சம் தடித்த பூனை, அவ்வளவுதான்.

ஒவ்வொரு தலைப்புக்கும் கீழே இரண்டு கட்டங்கள். ‘பிறகு நடந்தது.’ ‘பிழைக்குக் காரணம்.’

என் அப்பாவுக்கு அவளே முதல் கட்டத்தை நிரப்பி வைத்திருந்தாள். ஆபீஸில் எல்லாரும் சொல்லிச் சொல்லித் தேய்ந்த கதைதானே.

பெரிய மனிதர்களுக்கான இரங்கல் செய்திகளை முன்கூட்டியே எழுதி ஒரு டிராயரில் போட்டு வைப்போம். அப்பாவுடையதும் அதில் இருந்தது. நான் தாளை மாற்றி எடுத்து அச்சுக்கு அனுப்பிவிட்டேன். முதலில் ஓடி வந்த கணக்கு வாத்தியார், கதவைத் திறந்தவரிடமே துக்கம் விசாரிக்க ஆரம்பித்து, பாதியில் தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்பா அவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, “வயச ரெண்டு கூட்டிப் போட்டிருக்கானுங்க, பாத்தியா?” என்று குறைப்பட்டுக்கொண்டார்.

சாயங்காலம் அண்ணன் வந்தான். அம்மாவை எந்த ஆஸ்பத்திரியில் சேர்ப்பது என்பதில் அப்பாவோடு தொடங்கிய சண்டையில் வீட்டை விட்டுப் போனவன். ஆறு வருடம் எட்டிப் பார்க்கவில்லை. அழுதுகொண்டே உள்ளே நுழைந்து, நாற்காலியில் இருந்த அப்பாவைக் கண்டதும் அப்படியே கட்டிக்கொண்டான். பிறகு திரும்பி என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தான். நான்கு நாள் அப்பாவும் அவனும் பேசித் தீர்த்தார்கள்.

எனக்கு இரண்டு வாரம் இடைநீக்கம், கிடைக்கவிருந்த பதவி உயர்வு ரத்து, எமன் என்ற பெயர்.

“நல்லா முடிஞ்ச கதை சார்” என்றாள், டீ எடுத்து வர எழுந்துகொண்டே.

அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மறு வருடம் ஒரு மத்தியானம் அப்பா நிஜமாகவே போய்விட்டார். எங்கள் பத்திரிகை ஆசிரியர், டாக்டரின் சான்றிதழைக் கண்ணால் பார்த்த பிறகுதான் செய்தியைப் போட்டார். அண்ணனுக்கு நான் போன் செய்தேன்.

“இந்தத் தடவ என்ன தலைப்புடா போட்டிருக்க?” என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டான். அதற்குப் பிறகு எடுக்கவேயில்லை.

பேப்பரையும் பார்த்திருக்கிறான். எங்கப்பா மறுபடியும் செத்துட்டார் என்று கூட வேலை செய்கிறவர்களிடம் காட்டிச் சிரித்திருக்கிறான். மறுப்புச் செய்தி வரும் என்று மூன்று நாள் காத்திருந்திருக்கிறான். வரவில்லை என்றதும் கிளம்பினான்.

வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. என் அலட்சியத்தால்தான் அப்பாவின் முகத்தைக்கூடப் பார்க்க முடியாமல் போனது என்று வாசலில் நின்று கத்தினான். அதுதான் அவன் என்னிடம் கடைசியாகப் பேசியது. பதினேழு வருடம் ஆகிறது.

ஆனால் ஞாயிறு மலரை விடாமல் வாசிக்கிறானாம். அவன் மகள் சொன்னாள். இந்தப் பக்கத்தையும் வாசிப்பான்.

அறையில் யாரும் இல்லை. தாளைத் திருப்பினேன்.

அந்தக் காலத்தில் தலைப்பைத் துண்டுச்சீட்டில் எழுதுவோம். அச்சானதும் அந்தப் பக்கத்தின் முதுகில் ஒட்டிவிடுவோம். பின்னால் வம்பு வந்தால் யார் எழுதியது என்று காட்ட வேண்டுமே.

என் சீட்டு அங்கேயே இருந்தது. பசை காய்ந்து, தொட்டதும் கையோடு வந்தது. அதற்கு அடியில் இன்னொரு சீட்டு. நான் மறைத்து ஒட்டியது.

பள்ளிக்கூடத்துச் சிவப்பு மை. வலது பக்கம் சாய்ந்த எழுத்து. நாற்பது வருடம் ஊர்ப் பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்திய கை.

‘முன்னாள் தலைமையாசிரியர் காலமானார்.’

அதற்குக் கீழே, சின்னதாக:

‘நான் கூப்பிட்டால் வர மாட்டான். இதைப் போடு. அவன் வந்ததும் மறுப்புப் போட்டுவிடு. அவனிடம் சொல்லாதே.’

இதை அந்தப் பெண்ணிடம் கொடுத்தால் ஞாயிற்றுக்கிழமையே அண்ணன் போன் செய்வான். பதினேழு வருடம் அந்தக் குரலுக்காகத்தான் காத்திருக்கிறேன்.

ஆனால் அதற்குப் பிறகு அவன் யார் மேல் கோபப்படுவான்? செத்தவர் மேல் வரும் கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? நான் இன்னும் இருக்கிறேன்.

வராந்தாவில் கிளாஸ் உரசும் சத்தம் கேட்டது. சிவப்பு மைச் சீட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

‘பிழைக்குக் காரணம்’ என்ற கட்டம் காலியாகவே இருந்தது. பேனாவை எடுத்து எழுதினேன்: துணை ஆசிரியரின் அலட்சியம்.