போட்டிக்காரி

மறுநாள் பளுதூக்கும் இறுதிப்போட்டி. அதில் தூக்கவேண்டிய வீராங்கனையோ ஸ்கேன் அறை வாசலில் குட்டி போட்ட பூனையாக நடந்துகொண்டிருந்தாள். உட்கார்ந்தால் முதுகு விண்விண்ணென்று தெறித்தது, நின்றால் கால் மரத்துப்போனது.

அங்கே வந்து நின்றவளைப் பார்த்ததும் நடையை நிறுத்தினாள். பல வருடமாக அவளோடு தங்கத்துக்கு மல்லுக்கட்டுகிற போட்டிக்காரி.

"என்னக்கா, இங்க?"

"அம்மாவுக்கு முட்டிவலி. உள்ள இருக்காங்க. நீ?"

"மாமியாரைக் கூட்டிட்டு வந்தேன்."

நாற்காலிகள் காலியாகத்தான் கிடந்தன. இருவருமே உட்காரவில்லை.

கதவு திறந்தது. "முதுகு ஸ்கேனுக்கு வந்தவங்க யாரு?" என்றாள் நர்ஸ்.

இருவரும் ஒன்றாக முன்னால் வந்தார்கள்.

போட்டிக்காரிதான் முதலில் வாய் திறந்தாள். "ஜவ்வு தேஞ்சிருச்சு, இனி எடையைத் தொடாதேன்னு டாக்டர் போன வருஷமே சொல்லிட்டாருக்கா."

"அப்புறம் ஏண்டி தூக்கினே?"

"நீங்க விடலையே. நீங்க எப்ப விடுவீங்க, நானும் விட்டுடலாம்னு பார்த்துட்டே இருந்தேன்."

மூத்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அடிப்பாவி, நீ விடட்டும்னுதானடி நானும் தூக்கிட்டிருந்தேன்."