தலை சாய்ந்த இடம்

பதினாறாம் நாள் சடங்குக்கு முன் வீடு முழுவதையும் கழுவிவிட வேண்டும் என்பது வழக்கம். இறந்துபோன உலகநாதனின் அக்கா அகிலாண்டம் கூடத்துச் சுவருக்கு முன் அமர்ந்திருந்தாள். அவன் நாற்காலியில் அமர்ந்து சுவரில் தலை சாய்த்துச் செய்தித்தாள் படிக்கும் இடத்தில் தலையெண்ணெய் வட்டமாகப் படிந்திருந்தது. அவள் சோடா உப்பு கேட்டபோது அவன் மனைவி செண்பகம் எடுத்துக் கொடுத்தாள். எலுமிச்சம்பழம் கேட்டபோது அறுத்துக் கொடுத்தாள். கைகள் தம் பாட்டுக்குச் செய்தன.

"ஒரு துண்டப் போட்டுச் சாயிலேன்னு எத்தன வாட்டி சொல்லியிருப்பேன். கேட்டானா?" என்றபடி அகிலாண்டம் தேய்த்தாள். எண்ணெய் போய்விட்டது. தேய்த்த இடம் மட்டும் மற்றச் சுவரைவிட வெளுத்து, அதே தலையளவுக்கு வட்டமாக நின்றது.

"இது அதவிடல்லா கண்ணுல அடிக்கி. சுவர் பூராத் தேய்ச்சாத்தான் ஒண்ணுபோல ஆவும். இன்னும் கொஞ்சம் சோடா உப்பு கொண்டா, செண்பகம்."

அடுக்களையில் டப்பா பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. செண்பகம் அதைத் தொட்டியில் கவிழ்த்துக் குழாயைத் திறந்தாள். தூள் கரைந்து முடியும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தீந்துட்டு, மதினி."

"கல்லுப்பு இருக்கும்லா?" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது.

செண்பகம் உப்புச் சாடியையும் தொட்டிக்கு அருகே இழுத்து வைத்தாள்.