சொட்டும் சுவர்

"உன் களைக்காக என் சுவர் ஊறணுமாம்மா?" என்றார் கிருஷ்ணசாமி.

கார்டன் ரீச்சில் அந்த அடுக்ககத்தின் சங்கச் செயலாளர் அவர். துர்கா பூஜைக்கு முன் வெள்ளையடித்தாக வேண்டும். பின்சுவரில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

மிருதுளாவுக்கு அது களை இல்லை. ஹவுராவில் தாவர ஆராய்ச்சி செய்கிறவள். குழாயின் கீழே, பாசிக்கு நடுவே, நகக்கண் அளவு இலைகளோடு ஒரு செடி கொத்தாக முளைத்திருந்தது. காப்பகத்தில் தாளில் ஒட்டிவைத்த செடிகளையெல்லாம் புரட்டிவிட்டாள். எதோடும் ஒத்துப்போகவில்லை. ஆனால் பூவைப் பார்க்காமல் புது இனம் என்று எழுத முடியாது. அதிலிருந்து தொட்டிக்கு மாற்றிய இரண்டு கன்றுகளும் வாடிவிட்டன. அந்தச் சொட்டுதான் அதற்கு உயிர்.

"ஒரு மாசம் பொறுங்க அங்கிள். பூத்து விதை வச்சிடட்டும்."

கிருஷ்ணசாமி பக்கத்தில் நின்ற பிளம்பரிடம் வங்காளத்தில் சொல்லிச் சிரித்தார். பூ பூக்கிற வரைக்கும் சொட்டணுமாம், கேட்டாயா.

அந்தப் பிளம்பர் நிரஞ்சன், ஒடிசாக்காரர். ஸ்பானரை எடுத்தார். சொட்டு நின்றது. மிருதுளா திரும்பிப் பார்க்காமல் ஹவுரா போகும் படகுத்துறைக்கு நடந்தாள்.

மறுநாள் காலை மறுபடி சொட்டியது.

அவர் வந்தார், முறுக்கினார். அதற்கு மறுநாளும் சொட்டியது. இப்படி ஐந்து முறை.

"இருபது வருஷ அனுபவமாம். ஒரு குழாயை அடைக்கத் தெரியல" என்று கிருஷ்ணசாமி படிக்கட்டில் நின்று, எல்லார் காதிலும் விழச் சொன்னார். மாடி வேலைகள் வேறு ஆளுக்குப் போயின. அந்த ஒரு சுவரை விட்டுவிட்டு வெள்ளையடித்தார்கள்.

நிரஞ்சனுக்கு வேலை தெரியாததற்கு மிருதுளா மனதுக்குள் நன்றி சொன்னாள். சொன்னதற்கு வெட்கமும் பட்டாள்.

இருபத்திரண்டாம் நாள் பூத்தது. கடுகளவு, வெளிர் ஊதா. அடுக்ககமே வரிசையில் வந்து குனிந்து பார்த்தது. கிருஷ்ணசாமி எல்லாருக்கும் சந்தேஷ் இனிப்பு கொடுத்தார்.

"புதுச் செடிக்கு யார் பேராவது வைப்பாங்களாமே. என் பேர் கொஞ்சம் நீளம்தான்."

மிருதுளா சிரித்துவைத்தாள்.

முற்றிய விதைகளை எடுத்துப்போய், ஆராய்ச்சித் தோட்டத்தின் ஈரச் சுவரில் தூவினாள். இரண்டு வாரத்தில் பச்சைப் புள்ளிகளாக முளைத்தன. அன்று துள்ளாத குறையாக வீட்டுக்கு வந்தாள்.

குழாயடியில் நிரஞ்சன் நின்றிருந்தார். யாரும் கூப்பிடவில்லை.

"அங்கே முளைச்சிடுச்சா, திதி?" என்று அக்கா முறை வைத்துக் கேட்டார்.

அவள் தலையாட்டினாள்.

ஸ்பானரால் ஒரே ஒரு திருப்பு. சொட்டு நின்றது. அதற்குப் பிறகு அந்தக் குழாய் சொட்டவே இல்லை.

மிருதுளா அந்தக் குழாயையும் ஸ்பானரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பையிலிருந்து கட்டுரையை எடுத்தாள். அதில் செடியின் பெயருக்கு விட்ட இடம் இன்னும் காலியாகத்தான் இருந்தது.

"உங்க பேரை ஒவ்வொரு எழுத்தா சொல்லுங்க அண்ணா. தப்பில்லாம எழுதணும்."